வேகாத கல் யார் குற்றம்?

(தொழிலாளர் மாலைப் படிப்பகம் ஒன்றில் ஓய்வுபெற்ற ரசாயன ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சென்ற மாதக் கூட்டம் முடிந்து, விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டுகிற நேரத்தில், சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்யும் தோழர் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

“சார், எப்போதும் போடுகிற கல்லைத்தான் போட்டோம். எப்போதும் போடுகிற கரியைத்தான் போட்டோம். இரண்டு நாள் கூடுதலாகவே எரித்தோம். பிரித்துப் பார்த்தால் பாதிக் கல் வேகவில்லை. ராத்திரி கண்ணயர்ந்து விட்டீர்கள் என்று சொல்லி ஆளுக்கு மூன்று நாள் கூலியைப் பிடித்துவிட்டார்கள். வேகாத கல்லுக்கு யார் சார் பொறுப்பு?”

உடனே பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. மறு வாரம் அந்தக் காளவாயைப் போய்ப் பார்த்தேன். அங்கே கண்டது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் கேள்வியைச் சற்றுப் பெரிதாக்கிக் கேட்போம். ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறுமா, மாறாதா? மாறுமென்றால் முழுவதும் மாறுமா, பாதியில் நின்றுவிடுமா? அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பே, காகிதத்தில் கணக்குப் போட்டு இதைச் சொல்ல முடியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரசாயன விஞ்ஞானிகளைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி இதுதான்.

அந்தக் காலத்தில் பிரான்சில் மார்செலின் பெர்த்தலோ என்ற ரசாயன மேதை இருந்தார். வெறும் விஞ்ஞானி அல்ல. 1886-ல் கல்வி மந்திரி, 1895-ல் வெளிநாட்டு மந்திரி. பாரிஸ் நகரின் விஞ்ஞான உலகத்தில் அவர் வைத்ததே சட்டம். அவர் ஒரு விதியை வகுத்தார். எந்த மாறுதலில் உஷ்ணம் அதிகமாக வெளிப்படுகிறதோ, அந்த மாறுதலே தானாக நடக்கும் என்பது அதன் சாரம். டென்மார்க்கைச் சேர்ந்த தாம்சன் இதே கருத்தை 1854-லேயே சொல்லியிருந்தார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. விறகு எரிகிறது, உஷ்ணம் வருகிறது. வெந்த சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறது. வெடி வெடிக்கிறது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் போல, பொருள்கள் தங்களிடமுள்ள சக்தியை உஷ்ணமாகக் கொட்டிவிட்டுக் கீழே இறங்குகின்றன என்று எண்ணுவது இயல்பு.

ஆனால், வயலில் வேலை செய்கிற நம் பெண்களைக் கேட்டால் இந்த விதி தவறு என்று ஒரு நிமிஷத்தில் காட்டிவிடுவார்கள். ஒரு வாளித் தண்ணீரில் யூரியாவைக் கொட்டிக் கலக்குங்கள். வாளி சில்லென்று ஆகிவிடும். கையை வைத்தால் விறைக்கும். யூரியா தானாகத்தான் கரைகிறது. யாரும் அதைப் பிடித்து அமுக்கவில்லை. ஆனால் உஷ்ணத்தைக் கொடுப்பதற்குப் பதில், தண்ணீரிலிருந்து உஷ்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு கரைகிறது. 60 கிராம் யூரியா கரையும்போது ஏறத்தாழ 15 கிலோ ஜூல் உஷ்ணத்தை விழுங்கிவிடுகிறது. நவச்சாரமும் இப்படித்தான். தண்ணீர் மேட்டை நோக்கி ஓடுகிற கதை!

பெர்த்தலோவுக்கு இவை தெரியாமல் இல்லை. ஏதேதோ விதிவிலக்குச் சொல்லிச் சமாளித்து வந்தார். 1884-ல் பியர் துஹெம் என்ற மாணவர், வயது இருபத்துமூன்று, பெர்த்தலோவின் விதி தவறு என்று காட்டும் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பட்டத்துக்குச் சமர்ப்பித்தார். கட்டுரை நிராகரிக்கப்பட்டது. பெர்த்தலோவின் செல்வாக்கே காரணம் என்பது அன்றே பரவலாகப் பேசப்பட்டது. துஹெம் வேறொரு பொருளில் கட்டுரை எழுதித்தான் பட்டம் வாங்க நேர்ந்தது. நிராகரிக்கப்பட்டதை 1886-ல் தனிப் புத்தகமாக வெளியிட்டார். கடைசி வரை பாரிசில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. லீல், ரென், போர்தோ என்று வெளியூர்களிலேயே வாழ்ந்து 1916-ல் மறைந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மறைக்காமல் சொல்கிறேன். அரசியலில் முற்போக்குப் பக்கம் நின்றவர் பெர்த்தலோ. குடியரசுக்காரர், மதச்சார்பற்ற கல்விக்காக வாதாடியவர். துஹெம்மோ மன்னராட்சியை விரும்பியவர், பழைமைவாதி. ஆனால் கணக்கு சரியாக இருந்தது துஹெம்மிடம்தான். நமக்குப் பிடித்தவர் சொன்னார் என்பதற்காகக் கல் வேகாது, தோழர்களே!

உண்மையில் இந்தக் கேள்விக்குப் பதில் அதற்கும் முன்பே எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில், யேல் கல்லூரியில், ஜோசையா வில்லார்டு கிப்ஸ் என்ற ஆசிரியர் இருந்தார். 1871-ல் பேராசிரியர் ஆனார்; ஒன்பது வருஷம் சம்பளமே இல்லாமல் பாடம் நடத்தினார். குடும்பச் சொத்து இருந்ததால் காலம் தள்ளினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1875 முதல் 1878 வரை அவர் எழுதிய நீண்ட கட்டுரை, கனெக்டிகட் மாகாணத்து விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஐரோப்பாவில் அதைப் படித்தவர்கள் மிகச் சிலரே. 1892-ல் ஆஸ்ட்வால்ட் ஜெர்மன் மொழியிலும், 1899-ல் லெ ஷாத்தலியே பிரெஞ்சு மொழியிலும் பெயர்த்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. இதற்கிடையில் 1882-ல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தாமாகவே இதே முடிவை நெருங்கி, ‘ஃப்ரீ எனர்ஜி’ என்ற பெயரைக் கொடுத்தார். நம் பள்ளிப் புத்தகங்கள் இதைக் ‘கட்டிலா ஆற்றல்’ என்கின்றன. ஆற்றல் என்றாலும் சக்தி என்றாலும் ஒன்றுதான்.

அது என்ன கட்டிலா ஆற்றல்?

எந்த மாறுதலுக்கும் இரண்டு கணக்குகள் உண்டு. பெர்த்தலோ ஒரு கணக்கை மட்டும் பார்த்தார். அதுதான் அவர் செய்த பிழை. முதல் கணக்கு உஷ்ணக் கணக்கு. இரண்டாவது கணக்கைச் சிதறல் கணக்கு என்று சொல்கிறேன். புத்தகத்தில் ‘என்ட்ரோபி’ என்று பெயர். கட்டிப்பட்ட பொருள் கரைந்தால் அதன் துகள்கள் சிதறுகின்றன. திடப்பொருளிலிருந்து வாயு கிளம்பினால் இன்னும் பலமடங்கு சிதறல். சக்தியும் அப்படித்தான், ஒரே இடத்தில் குவிந்திருக்கும் சக்தி பல இடங்களுக்குப் பரவுவதும் சிதறலே. பொருளையும் அதைச் சுற்றியுள்ள உலகத்தையும் சேர்த்துப் பார்த்தால், மொத்தச் சிதறல் கூடுகிற திசையில்தான் மாறுதல் நடக்கும். குறைகிற திசையில் தானாக ஒருநாளும் நடக்காது.

ஒரு மாறுதல் உஷ்ணத்தை விழுங்குகிறது என்றால், சுற்றுப்புறத்திடமிருந்து அதைப் பிடுங்குகிறது என்று பொருள். அதனால் சுற்றுப்புறத்தின் சிதறல் குறைகிறது. எவ்வளவு குறைகிறது? அது சுற்றுப்புறம் எவ்வளவு சூடாயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கூலிக்காரனிடம் நூறு ரூபாய் பிடுங்கினால் அன்று இரவு அவன் வீட்டில் அடுப்பு எரியாது. லட்சாதிபதியிடம் அதே நூறு ரூபாயை எடுத்தால் அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. குளிர்ந்த சுற்றுப்புறம் கூலிக்காரன். கொதிக்கிற உலை லட்சாதிபதி. ஒரே அளவு உஷ்ணத்தை எடுத்தாலும் சூடான இடத்தில் நஷ்டம் குறைவு.

ஆகவே கிப்ஸ் கணக்கு இப்படி வருகிறது: விழுங்கும் உஷ்ணத்தை எழுதிக்கொள். பொருளின் சிதறல் எவ்வளவு கூடுகிறதோ, அதை உஷ்ண நிலையால் பெருக்கு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி. மிச்சம் வருவதுதான் கட்டிலா ஆற்றலில் ஏற்படும் மாற்றம். மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் மாறுதல் தானாக நடக்கும். மேலே நின்றால் நடக்காது. பூஜ்யமாகவே இருந்தால் தராசு சமனில் நிற்கிறது. சுற்றுப்புறத்தின் கணக்கைத் தனியாகப் பார்க்கத் தேவையில்லை. அது இதற்குள்ளேயே அடங்கிவிட்டது. உஷ்ண நிலையை மட்டும் சென்டிகிரேடில் எடுக்காமல், அதோடு 273-ஐக் கூட்டி எடுக்க வேண்டும்.

யூரியா விஷயம் இப்போது விளங்கும். உஷ்ணக் கணக்கில் கொஞ்சம் நஷ்டம். சிதறல் கணக்கில் அதைவிட லாபம். ஆகவே கரைகிறது.

இனி நம் சுண்ணாம்புக்கல்லுக்கு வருவோம். சுத்தமான கல் 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அது வெந்தால் 44 கிராம் கரியமிலவாயு போய்விடும். 56 கிராம் சுண்ணாம்பு மிஞ்சும். இந்த மாறுதல் விழுங்கும் உஷ்ணம் 178 கிலோ ஜூல். வாயு கிளம்புவதால் சிதறல் கூடுகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் 160 ஜூல் வீதம். தோழர்கள் கையில் பென்சில் இருந்தால் போட்டுப் பாருங்கள்.

சாதாரண நாளில், 27 டிகிரியில், 273-ஐக் கூட்டினால் 300. முந்நூறு தடவை 160, 48 ஆயிரம் ஜூல், அதாவது 48 கிலோ ஜூல். 178-ல் 48 போனால் 130 நிற்கிறது. கல் அசையாது. அதனால்தான் மலை மலையாகவே இருக்கிறது. 627 டிகிரிக்குப் போவோம்; கூட்டினால் 900. பெருக்கினால் 144. இன்னும் 34 பாக்கி. 927 டிகிரியில் 1200-ஆல் பெருக்க வேண்டும், 192 வருகிறது. 178-ஐத் தாண்டிவிட்டது! இங்கே கல் வேகும். சரியாக எந்த இடத்தில் தராசு சாய்கிறது? 178 ஆயிரத்தை 160-ஆல் வகுத்தால் 1112. அதில் 273-ஐக் கழித்தால் ஏறத்தாழ 840 டிகிரி. பரிசோதனையில் கிடைப்பது 900-க்குச் சற்று முன்பின். உஷ்ணம் ஏற ஏற அந்த 178-ம் 160-ம் கொஞ்சம் மாறுவதால் இந்த வித்தியாசம். ஒரு துண்டுக் காகிதக் கணக்குக்கு இது குறைவான வெற்றியா?

“நாங்கள் கரி போட்டு எரிக்கிறோம், பிறகு ‘தானாக’ வேகிறது என்கிறீர்களே?” என்று ஒரு தோழர் முன்வரிசையில் முணுமுணுக்கிறார். நியாயமான கேள்வி. நாம் கரி போடுவது சுற்றுப்புறத்தை லட்சாதிபதியாக்குவதற்கு. அந்தச் சூட்டில் கல்லை வைத்த பிறகு, உஷ்ணம் தானாகவே கல்லுக்குள் ஓடுகிறது. வாயு தானாகவே வெளியேறுகிறது. ஆளை வைத்துப் பிய்க்க வேண்டியதில்லை. அந்தப் பொருளில்தான் ‘தானாக’.

சுண்ணாம்பின் கதையில் அடுத்த கட்டங்களும் இதே கணக்குக்குள் அடங்கும். வெந்த சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றுகிறோம். 56 கிராமுக்கு 65 கிலோ ஜூல் உஷ்ணம் வெளியே வருகிறது. தண்ணீர் கட்டுண்டுவிடுவதால் சிதறலில் 8 அளவுக்கு நஷ்டம். இருந்தும் 57 லாபம். ஆகவே குளிர்ந்த நாளிலும் கொதிக்கிறது. பிறகு சுவரில் அடிக்கிறோம். காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறுகச் சிறுக வாங்கி அது மறுபடி கல்லாகிறது. வெள்ளையடித்த சுவரைத் தொட்டால் கையில் ஒட்டாமல் இறுகியிருப்பது எதனால்? காளவாயில் பிரித்தது சுவரில் சேர்ந்துகொண்டதால். உஷ்ண நிலை மாறியது, தீர்ப்பும் மாறியது.

இனிதான் தோழர் கேட்ட கேள்வியின் கழுத்தைப் பிடிக்கிறோம். மேலே போட்ட கணக்கில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். வாயுவின் சிதறல் என்பது அதற்குக் கிடைக்கும் இடத்தைப் பொறுத்தது. திருவிழாக் கூட்ட பஸ்ஸில் இன்னொருவர் ஏறுவதும், காலி பஸ்ஸில் ஏறுவதும் ஒன்றா? கல்லைச் சுற்றி ஏற்கெனவே கரியமிலவாயு நெருக்கிக்கொண்டு நின்றால், புதிதாகக் கிளம்பும் வாயுவுக்குச் சிதறல் லாபம் குறைவு. 900 டிகிரி என்று சொன்னது, சுற்றிலும் கரியமிலவாயுவே ஒரு வளிமண்டல அழுத்தத்தில் நிறைந்திருக்கும் நிலைக்கு. காற்றோட்டம் அந்த வாயுவை அள்ளிக்கொண்டு போனால், குறைந்த சூட்டிலேயே கல் வேகும். 800 டிகிரியில் எல்லை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வளிமண்டல அழுத்தம். சுற்றியுள்ள புகையில் கரியமிலவாயு அதற்குக் கீழே இருந்தால் கல் வேகும். அதற்கு மேலே போனால், வேகாது; அது மட்டுமல்ல, வெந்த சுண்ணாம்பே வாயுவைத் திரும்ப வாங்கிக் கல்லாகும்! எரிகிற கரியும் அதே வாயுவைத்தான் கக்குகிறது என்பதை மறக்க வேண்டாம்.

நான் போய்ப் பார்த்த காளவாயில் என்ன கண்டேன்? கீழே காற்று நுழையும் துளைகளில் ஒரு பக்கத்தவை சாம்பலாலும் சரிந்த செங்கல்லாலும் அடைபட்டிருந்தன. மேலே சூடு போகக்கூடாது என்று தகரத்தைப் போட்டு மூடி மண்ணைப் பூசியிருந்தார்கள். மேஸ்திரி சொன்னபடி செய்ததாம். துளைகளைச் சுத்தம் செய்ய ஒரு முழு நாள் வேண்டும். அந்த ஒரு நாளைக்குக் கூலி கொடுக்க முடியாது என்று மூன்று சூளையாகத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். வேகாத கல் எந்தப் பக்கம் கிடந்தது என்று கேட்டேன். அடைபட்ட பக்கம்தான். காற்று வராததால் கரி சரியாக எரியவில்லை, சூடு குறைந்தது. வாயு போகாததால் எல்லையும் உயர்ந்தது. இரண்டு பக்கமும் அடி! அந்த நிலையில் இரண்டு நாள் கூடுதலாக எரித்தால் என்ன, இருபது நாள் எரித்தால் என்ன? கரிதான் செலவு. ராத்திரி கண் விழித்தவருக்கும் கண்ணயர்ந்தவருக்கும் அந்தக் கல் வேகப் போவதில்லை.

இப்படி ஏமாந்தது நம் ஊர்க் காளவாய் மட்டுமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இரும்பு முதலாளிகள் இதே பாடத்தைப் பெருந்தொகை கொடுத்துப் படித்தார்கள். ஊதுலையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இரும்புத் தாதுவிலிருந்து பிராணவாயுவைப் பறித்து இரும்பாக்குகிறது. ஆனால் உலையின் வாயிலிருந்து வெளிவரும் புகையில் இந்த வாயு நிறைய மிஞ்சிப் போய்க்கொண்டிருந்தது. தாதுவோடு வாயு சேர்ந்திருக்கும் நேரம் போதவில்லை, உலையை உயரமாக்கினால் சரியாகும் என்று நினைத்தார்கள். முப்பது மீட்டர் வரை கட்டினார்கள். மிஞ்சிப்போன வாயு குறையவே இல்லை.

லெ ஷாத்தலியே 1888-ல் இதை எடுத்துக்காட்டிக் கேலி செய்தார். லட்சக்கணக்கில் பணத்தைக் கொட்டி ஒரு பரிசோதனை நடத்தி, இந்த மாறுதலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நிரூபித்தார்கள் என்று. 900 டிகிரியில் இரும்பின் கடைசி ஆக்சைடு இரும்பாக வேண்டுமானால், அந்த வாயுக் கலவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கார்பன் மோனாக்சைடாகவே மிஞ்சி நிற்க வேண்டும். அது வீண் அல்ல; அது கணக்கு. உலையை வானம் வரை கட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது.

இதுவரை சொன்னதில் ஒரு எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. நடக்கும் என்று கணக்கு சொன்னால் எப்போது நடக்கும்? அதைப் பற்றிக் கட்டிலா ஆற்றல் ஒரு வார்த்தை கூடச் சொல்லாது. நகைக்கடையில் இருக்கும் வைரம் பென்சில் கரியாக மாறுவதுதான் கணக்குப்படி சரியான திசை. 12 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிலோ ஜூல் லாபம். ஆனால் எந்தச் சேட்டும் கடையை மூடவில்லை. மாறுதல் அவ்வளவு மந்தம்.

உரத் தொழிலின் கதையே இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே சிக்கிக்கொண்ட கதைதான். காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்ய வேண்டும். சாதாரண சூட்டில் கணக்கு சாதகம். ஆனால் வேகம் இல்லை. சூடாக்கினால் வேகம் வருகிறது. ஆனால் 200 டிகிரியை எட்டும் முன்பே கணக்கு பாதகமாகிவிடுகிறது. ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆயிரம் டிகிரியில் அளந்தபோது கிடைத்த அம்மோனியா பதினாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான். 1907-ல் ஹாம்பர்க் கூட்டத்தில் நெர்ன்ஸ்ட் என்ற மற்றொரு மேதை, உன் அளவுகூட அதிகம், தவறு என்று பகிரங்கமாகவே சொன்னார். ஹேபர் மனம் நொந்தார். ஆனால் லெ ரோசிஞோல் என்ற உதவியாளரோடு அழுத்தத்தை உயர்த்தி மறுபடி அளந்தார். நான்கு பங்கு வாயு இரண்டு பங்காகச் சுருங்குகிற மாறுதல் அது. அமுக்க அமுக்கச் சாதகம். இருநூறு வளிமண்டலத்தை நெருங்கும் அழுத்தத்தில், வேகத்தைக் கூட்டும் ஆஸ்மியம் என்ற உலோகத்தை வைத்து, 1909 ஜூலை 2-ந் தேதி அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுவதைக் காட்டினார். 1913-ல் ஒப்பாவ் என்ற ஊரில் ஆலை ஓடத் தொடங்கியது. கணக்கை யாரும் ஏமாற்றவில்லை. அழுத்தத்தால் அதை வளைத்தார்கள், வினையூக்கியால் வேகத்தை வாங்கினார்கள்.

இன்று உலகில் ஏறத்தாழ பாதி மக்களின் சோற்றில் இந்த முறையில் பிடித்த நைட்ரஜன் இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். அதே ஹேபர்தான் 1915 ஏப்ரலில் ஈப்பர் போர்முனையில் குளோரின் வாயுவை அவிழ்த்து விடுவதை நின்று நடத்தியவர். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். அது ஒரு வரியில் அடங்காது.

ஒப்பாவ் ஆலைக்கே திரும்புகிறேன். ஏனென்றால், ‘நடக்கும், ஆனால் மெதுவாக’ என்ற அந்த வார்த்தைக்கு அங்கே தொழிலாளர்கள் உயிரை விலையாகக் கொடுத்தார்கள். அம்மோனியம் நைட்ரேட் என்ற உரம் இருக்கிறதே, அது தண்ணீரில் கரைந்தால் யூரியாவைப் போலவே சில்லிடும். பார்த்தால் சாதுவான வெள்ளை உப்பு. ஆனால் அது உடைந்தால் நைட்ரஜன், பிராணவாயு, நீராவி என்று எல்லாம் வாயு, உஷ்ணமும் வெளிப்படுகிறது. உஷ்ணக் கணக்கிலும் லாபம், சிதறல் கணக்கிலும் லாபம். எந்தச் சூட்டிலும் அது உடையத் தயாராகவே இருக்கிறது. உடையாமல் இருப்பது வேகம் இல்லாததால் மட்டுமே.

ஒப்பாவ் கிடங்கில் அம்மோனியம் சல்பேட்டும் நைட்ரேட்டும் கலந்த உரம் ஏறத்தாழ 4,500 டன் பாறையாக இறுகிக் கிடந்தது. கடப்பாரைக்கு மசியாது. சிறு சிறு வெடி வைத்துத் தளர்த்துவது வழக்கம். ஆயிரக்கணக்கான தடவை அப்படிச் செய்து ஒன்றும் நடக்கவில்லை. 1921 செப்டம்பர் 21-ந் தேதி காலையில் நடந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். கிடங்கு இருந்த இடத்தில் பெரும் பள்ளம்.

நூறு ஆண்டு ஆகியும் பாடம் ஏறவில்லை. பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆறு வருஷம் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4-ல் வெடித்து இருநூறு பேருக்கு மேல் பலி கொண்டது. பாதி நகரம் சிதைந்தது. அந்தச் செய்தி வந்த பிறகுதான், நம் சென்னையில் மணலி அருகே, 2015-ல் பறிமுதல் செய்த இதே சரக்கு ஏறத்தாழ 700 டன் இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின; அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். ‘இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே’ என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த ‘ஒன்றும் ஆகவில்லை’ கணக்குப் பார்த்துச் சொன்னதா, கண்ணால் பார்த்துச் சொன்னதா என்று கேளுங்கள். கிடங்கில் மூட்டை தூக்குகிற தோழர்களுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன். எண்ணெய், மரத்தூள், கரி, நெருப்பு இவை எதுவும் அந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

சரி, காளவாய்த் தோழருக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. உங்கள் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. அடைபடாத பக்கத்திலும் சில கற்கள் நடுவில் வேகாமல் இருந்தன. அவை தேங்காய் அளவுக்கு மேற்பட்ட கற்கள். அது எல்லையின் குற்றம் அல்ல, வேகத்தின் குற்றம். சூடு உள்ளே போகவும் வாயு வெளியே வரவும் நேரம் வேண்டும். பெரிய கல்லுக்கு நேரம் அதிகம் வேண்டும். உடைத்துப் போட்டிருந்தால் வெந்திருக்கும். கல் உடைக்கிற பெண்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதால் அப்படியே போட்டோம் என்றீர்கள். அதையும் சேர்த்தே சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

பிடித்த கூலியைப் பற்றிப் பேசப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். அடுத்த சூளையில் கல் ஏற்றும்போது, ஒரே அளவான கற்களாகப் பத்துப் பொறுக்கி, நிறுத்து, அடையாளமிட்டு, ஐந்தை அடைபட்ட பக்கமும் ஐந்தை நல்ல பக்கமும் வையுங்கள். பிரித்த அன்றே, ஈரம் படுவதற்குள், மறுபடி நிறுத்துப் பாருங்கள். நல்ல கல் நூறுக்கு ஐம்பத்தாறு பக்கம் வர வேண்டும். வேகாதது எண்பது, தொண்ணூறில் நிற்கும். எண்களை ஒரு நோட்டில் எழுதி, மேஸ்திரியிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தராசு என் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துப் போகலாம்.